“எவ்வளவு கொடுத்தால் கையெழுத்துப் போடுவீர்கள்?” என்று ஸ்கவுட் கேட்டால்

அட்லாண்டாவின் வடக்குப் புறநகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதம் நீளமானது. சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகன் கோவையில் பிறந்தவன். நான்கு வயதில் அமெரிக்கா வந்தான். அப்பா எச்-1பி விசாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். பச்சை அட்டைக்கான ஐ-140 மனு ஒப்புதலாகி, பல ஆண்டுகளாக இந்தியர்களுக்கான அந்த நீண்ட வரிசையில் காத்திருக்கிறார்கள். மகன், அப்பாவின் விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டு படிக்கிறான். 2026 செப்டம்பரில் 18 முடியும். பேஸ்பாலில் சென்டர் ஃபீல்டு, அதாவது வெளிமைதானத்தின் நடுவில், ஆடுகிறான், இடது கை மட்டையாளன். 60 கஜத்தை 6.5 விநாடியில் ஓடுகிறான். மாநிலத்திலேயே ஒரு பெரிய பல்கலைக்கழக அணிக்கு வருவதாக வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறான். இதற்கிடையில் மேஜர் லீக் (பேஸ்பாலின் உச்சத் தொழில்முறை லீக்) அணி ஒன்றின் ஸ்கவுட், அதாவது அணிக்கு வீரர்களைத் தேடுபவர், வீட்டுக்கே வந்து, காபி குடித்து, ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, ஒரு கேள்வித்தாளும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பின்னாலேயே ஒரு ‘அட்வைசர்’ (ஏஜெண்டுதான், பெயர் மட்டும் வேறு) வந்து, “15 லட்சம் டாலருக்குக் குறையாது, இதில் கையெழுத்துப் போடுங்கள்” என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார். மட்டை விற்கும் சிறிய நிறுவனம் ஒன்று, இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் 2,000 டாலர் தருவதாகச் சொல்கிறது. கணவருக்குப் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும். பையனுக்கு இப்போதே ஆடப் போக வேண்டும். “டிராஃப்டில் (அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எடுத்துவிட்டால் அணியே பச்சை அட்டை வாங்கிக் கொடுத்துவிடுமாமே, எங்கள் நண்பர் சொன்னார். இந்த வாய்ப்பை விட்டால் திரும்ப வராதா?” என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஸ்கவுட் கிளம்பும்போது, “எவ்வளவு கொடுத்தால் கையெழுத்துப் போடுவீர்கள்?” என்று கேட்டாராம். உங்கள் கணவர் சிரித்துக்கொண்டே, “பத்து லட்சம் கொடுத்தால் யோசிக்கலாம்” என்றாராம். அவரும் சிரித்துக்கொண்டே அதைக் குறித்துக்கொண்டாராம்.

அவர் வந்த வேலையில் பாதி அந்த ஒரு வரிதான். நீங்கள் என்னிடம் கேட்ட எல்லாக் கேள்விகளும் கடைசியில் அந்த எண்ணில்தான் போய் நிற்கின்றன. அதை விளையாட்டாகச் சொல்லக் கூடாது. உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

ஸ்கவுட் வீட்டுக்கு வந்தால் என்ன அர்த்தம்

தேர்வாகிவிட்டான் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு அணிக்கும் வட்டாரம் வட்டாரமாக ஸ்கவுட்டுகள் இருக்கிறார்கள். ஜார்ஜியா மாதிரி பேஸ்பால் செழித்த மாநிலத்தில் ஓர் ஏரியா ஸ்கவுட் ஏறி இறங்கும் வீடுகள் நிறைய. அவர் அறிக்கை எழுதுவார். அதற்கு மேல் கிராஸ்செக்கர் என்று ஒருவர் வந்து பார்ப்பார். அதற்கும் மேல் ஸ்கவுட்டிங் டைரக்டர். டிராஃப்ட் இப்போது 20 சுற்றுகள்தான். 2019 வரை 40 சுற்றுகள் இருந்தன. 30 அணிகளும் சேர்ந்து சுமார் 600 பேரை எடுக்கின்றன. அதில் கல்லூரி வீரர்களே அதிகம்.

உங்கள் மகனின் 6.5 விநாடி உண்மையிலேயே நல்ல எண். ஸ்கவுட்டுகள் ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அடிப்பது, தூர அடிப்பது, ஓடுவது, பிடிப்பது, எறிவது என்று ஐந்து திறமைகள். ஓட்டத்தில் அவன் சராசரியைத் தாண்டியவன். ஆனால் அவர்கள் 60 கஜ ஓட்டத்தை மட்டும் நம்புவதில்லை. ஆட்டத்தில் மட்டையில் பந்து பட்டதும் ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸுக்கு எத்தனை விநாடியில் போகிறான் என்று கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பார்கள். இடது கைக்காரனுக்கு 4.2 விநாடி சராசரி. அலுத்துப்போன ஏழாவது இன்னிங்ஸில், சாதாரணமாகத் தரையில் உருண்ட ஒரு பந்துக்கும் அதே வேகத்தில் ஓடுகிறானா என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

வெளிமைதானத்தில் நிற்கும் அவுட்ஃபீல்டரைப் பொறுத்தவரை அவர்களுக்குள் ஓடும் பெரிய கேள்வி, இவன் 24 வயதிலும் சென்டர் ஃபீல்டில் நிற்பானா என்பது. பந்து மட்டையில் பட்ட அந்த நொடியில் முதல் அடி எந்தப் பக்கம் வைக்கிறான், பந்து விழும் இடத்துக்கு நேர்வழியில் போகிறானா, வளைந்து போகிறானா என்பதெல்லாம் அதற்காகத்தான். உடம்பு பருத்து வேகம் குறைந்தால் ஓரத்துக்கு, லெஃப்ட் ஃபீல்டுக்கோ ரைட் ஃபீல்டுக்கோ, தள்ளிவிடுவார்கள். ஓரத்தில் நிற்பவனிடம் கேட்கப்படுவது ஹோம் ரன். சென்டரில் நிற்பவன் கொஞ்சம் குறைவாக அடித்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், ஓரத்தில் நிற்பவனைப் பொறுக்க மாட்டார்கள். பையனின் தோள்பட்டை, இடுப்பு, அப்பா அம்மாவின் உடல்வாகு எல்லாவற்றையும் அந்த ஸ்கவுட் பார்த்திருப்பார். “என் கணவர் ஐந்தடி ஏழு அங்குலம்தான், அதனால் குறைத்து மதிப்பிடுவார்களா” என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் குறைப்பார்கள்தான். ஆனால் சியாட்டிலின் ஒரு பள்ளியிலிருந்து 2019-ல் 16-வது ஆளாக எடுக்கப்பட்ட கார்பின் கேரலும் ஐந்தடி பத்து அங்குலம்தான். 2023-ல் நேஷனல் லீகின் சிறந்த புதுமுக வீரர் அவர்தான். வேகமும் மட்டையும் இருந்தால் உயரத்தை மறந்துவிடுவார்கள்.

மட்டைதான் கடினமான பகுதி. பள்ளியில் உலோக மட்டை, எதிரே பெரும்பாலும் 80 மைலைச் சுற்றி வீசுகிறவர்கள். தொழில்முறையில் மர மட்டை, 95 மைல் வேகம், நடுவில் திடீரென்று வளையும் பந்து. நம் ஊரில் டென்னிஸ் பந்தில் சிக்ஸர் அடிக்கிறவன் கிரிக்கெட் பந்தில் என்ன செய்வான் என்று ஊகிப்பது மாதிரிதான் இதுவும். அதனால்தான் மர மட்டையில் ஆடும் கோடைக்காலப் போட்டிகளுக்கு ஸ்கவுட்டுகள் அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள். பள்ளி ஆட்டத்தில் அவன் சராசரி .450 என்று நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், பெருமைப்பட வேண்டியதுதான். அவர்கள் குறிப்பேட்டில் அந்த எண்ணுக்குப் பெரிய இடம் இருக்காது.

இவர்களின் ஊகம் எவ்வளவு தவறும் என்பதற்கு 2009-ஆம் ஆண்டு டிராஃப்டையே பாருங்கள். மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டவர் உங்கள் ஜார்ஜியாவின் கார்ட்டர்ஸ்வில் பள்ளியில் படித்த அவுட்ஃபீல்டர் டானவன் டேட். கையெழுத்துப் போட்டதற்கான போனஸ் 62.5 லட்சம் டாலர். மேஜர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அதே ஆண்டு 25-வது ஆளாக எடுக்கப்பட்டவர் நியூ ஜெர்சியின் ஒரு சிற்றூர்ப் பள்ளி மாணவர். போனஸ் 12.15 லட்சம். அவர் பெயர் மைக் ட்ரௌட். அவரை எடுத்த ஏஞ்சல்ஸ் அணியே அதற்கு முந்தைய வாய்ப்பில் ராண்டல் கிரிச்சக் என்ற இன்னொரு பள்ளி அவுட்ஃபீல்டரை எடுத்திருந்தது. தொழிலே இதுவாக இருப்பவர்களுக்கே வரிசை இவ்வளவு மாறிப்போகும்போது, உங்களிடம் 15 லட்சம் நிச்சயம் என்கிற ஆளை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்த எண்ணை எப்படிப் போடுவது

2012 முதல் ஒவ்வொரு அணிக்கும் போனஸ் தொகைக்கு ஒரு மொத்த வரம்பு உண்டு. முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பு வைத்திருக்கிறார்கள். 2025-ல் முதல் இடத்தின் மதிப்பு 1.1 கோடி டாலருக்குச் சற்று மேல். ஆனால் அந்த இடத்தில் எடுக்கப்பட்ட பள்ளி மாணவர் ஈலை வில்லிட்ஸ் வாஷிங்டன் நேஷனல்ஸிடம் வாங்கியது 82 லட்சம். மிச்சத்தை அணி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இதுதான் விளையாட்டுக்குள் நடக்கும் விளையாட்டு. நான்காம் சுற்றுக்கு வரும்போது இடத்தின் மதிப்பு பத்து லட்சத்துக்குக் கீழே போய்விடும். ஆனாலும் வேறொருவரிடம் மிச்சம் பிடித்த பணத்தை வைத்து, கல்லூரிக்குப் போகவிருந்த ஒரு பையனை மதிப்புக்கு மேல் கொடுத்து இழுப்பார்கள். 11-வது சுற்றிலிருந்து 1.5 லட்சம் வரை கொடுப்பது வரம்பில் சேராது.

முதல் பத்துச் சுற்றில் எடுத்த ஆள் கையெழுத்துப் போடாவிட்டால், அந்த இடத்தின் மதிப்பு அணியின் வரம்பிலிருந்தே கழிக்கப்படும். அதனால்தான் உங்கள் எண் என்னவென்று அவர்களுக்கு முன்பே தெரிய வேண்டும். பத்து லட்சம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் பத்து லட்சத்துடன் வரும்போது “படிக்கப் போகிறான்” என்றால், சட்டப்படி உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் சொன்ன எண் ஒப்பந்தம் ஆகாது. ஆனால் உங்களை நம்பி எழுதிக் கொடுத்த ஸ்கவுட் தன் அலுவலகத்தில் மூக்குடைபடுவார், ஊர்முழுக்க அது தெரிந்துவிடும். ரொம்ப உயர்த்திச் சொன்னால் டிராஃப்டில் யாரும் அவன் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். அதிலும் தவறில்லை, கல்லூரிதான் வேண்டும் என்று நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தால்.

உங்கள் கணவர் சொன்னதை மாற்ற முடியும். ஸ்கவுட்டுக்கு ஃபோன் செய்து, அன்று வேடிக்கையாகச் சொன்னது, குடும்பமாகப் பேசிவிட்டு வசந்தகாலத்தில் சொல்கிறோம் என்று சொன்னால் போதும். அவர்களுக்கு இது பழகிய விஷயம்.

எண்ணைக் கனவிலிருந்து கீழே இறங்கி வந்து போடாதீர்கள். மேஜர் லீக் வரை போகவே மாட்டான் என்று வைத்துக்கொண்டு கீழேயிருந்து மேலே போடுங்கள். போனஸ் ஒன்றுதான் உறுதியான பணம். 6 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஏஜெண்டுக்கு 5 சதவீதம், மத்திய வருமான வரி, ஜார்ஜியா மாநில வரி, சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு வரி எல்லாம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய மூன்றரை லட்சம். அதன்பின் சம்பளம். 2023-ல், மேஜர் லீகுக்குக் கீழேயுள்ள மைனர் லீக் வீரர்கள் முதல்முறையாகச் சங்கமாகப் போட்ட ஒப்பந்தத்தில், அடிமட்டப் பயிற்சி லீகில் ஆண்டுக்கு 19,800 டாலர், லோ-ஏ மட்டத்தில் 26,200, உச்சியில் இருக்கும் டிரிபிள்-ஏவில் 35,800. தங்குமிடம் அணியின் பொறுப்பு. முன்பிருந்த நிலைக்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் குடும்பம் நடத்தும் பணமில்லை. 19 வயதுக்கு முன் கையெழுத்துப் போட்டால் ஏழு ஆண்டுகள் அந்த அணியின் கட்டுப்பாட்டில் இருப்பான், 19-க்குப் பிறகென்றால் ஆறு.

கல்லூரிச் செலவை அணி தலையில் கட்டுவது உங்கள் கையில் இருக்கிறது. மேஜர் லீகின் கல்லூரி உதவித்தொகைத் திட்டம் என்று ஒன்று உண்டு. ஒப்பந்தம் பேசும்போதே இத்தனை செமஸ்டர், ஒவ்வொன்றுக்கும் இத்தனை டாலர் என்று எழுதி வாங்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது. ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுக்குள் படிப்பைத் தொடங்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. கணவரின் கம்ப்யூட்டர் சயின்ஸ் கவலைக்கு இது பாதி விடை. மீதிப் பாதி, 24 வயதில் முதலாமாண்டு வகுப்பில் உட்கார உங்கள் மகனுக்கு மனம் வருமா என்பது. அதை அவனிடம்தான் கேட்க வேண்டும்.

விசா: நீங்கள் கேட்காத கேள்வி

இங்கேதான் உங்கள் பையனின் கணக்கு, அவனோடு ஆடும் மற்ற பையன்களின் கணக்கிலிருந்து முழுவதும் விலகுகிறது. நான் ஒப்பந்தங்களைப் பார்க்கும் வழக்கறிஞர். குடிவரவுக்கு அதற்கென்று இருக்கும் வழக்கறிஞரைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

டிராஃப்டில் எடுக்கப்படக் குடியுரிமையோ பச்சை அட்டையோ தேவையில்லை. அமெரிக்கப் பள்ளியில் படிக்கிறான், அது போதும். ஆனால் எச்-4 பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. தொழில்முறை ஒப்பந்தம் என்பது வேலை. அதனால் எடுத்த அணி அவனுக்குப் பி-1ஏ என்னும் விளையாட்டு வீரர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2006-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மைனர் லீக் வீரர்களுக்கும் இது கிடைக்கிறது, அணிகளுக்குப் பழக்கமான வேலைதான். இது பச்சை அட்டை அல்ல. உங்கள் நண்பர் சொன்னது தவறு. அந்த விசாவில் அந்த அணிக்காக ஆடலாம், அவ்வளவுதான். குளிர்காலத்தில் பயிற்சி மையத்தில் சின்னப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று மற்ற மைனர் லீக் வீரர்கள் செய்வதை இவன் செய்ய முடியாது. அணி விடுவித்துவிட்டால் விசாவின் காலே போய்விடும். 21 ஆகாமலிருந்தால் எச்-4க்குத் திரும்ப வழி தேடலாம்.

அந்த 21 வயதுதான் கல்லூரிப் பாதையிலும் குறுக்கே வருகிறது. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தால், மூன்றாமாண்டு முடிந்த பிறகோ 21 வயதிலோதான் மறுபடி டிராஃப்டுக்கு வர முடியும். உங்கள் மகனுக்கு அது 2029 ஜூலை. அவனுக்கு 21 முடிவது 2029 செப்டம்பர். அதாவது மறுபடி எடுக்கப்படும் அதே கோடையில், உங்கள் விசாவின் நிழலிலிருந்து அவன் வெளியே வருகிறான். அதற்குள் உங்கள் வரிசை நகராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். பச்சை அட்டைக்காகப் பிள்ளையின் வயதைக் கணக்கிடத் தனி விதி இருக்கிறது, ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழிப்பார்கள். உங்கள் வழக்கில் அது எத்தனை நாள் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

கல்லூரியிலும் இப்போது பணம் வருகிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே வருமானத்தில் பங்கு கொடுக்கலாம். பெயரையும் படத்தையும் பயன்படுத்த வெளியாரும் பணம் கொடுக்கிறார்கள், என்ஐஎல் என்கிறார்களே, அது. அதையெல்லாம் நம்பித்தான் மற்ற பையன்கள் போனஸ் எண்ணை உயர்த்துகிறார்கள். எச்-4இலோ எஃப்-1இலோ இருக்கும் பையனுக்கு இந்தப் பணம் அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படும் ஆபத்து இருக்கிறது. உதவித்தொகை வாங்கலாம், தடையில்லை. மட்டை நிறுவனத்தின் 2,000 டாலரைத் தொடாதீர்கள். இலவச மட்டையை வாங்கிக்கொண்டு படம் போடுவதும் கூலிதான்.

இன்னொன்று. “எப்படியும் ஹோப், ஸெல் மில்லர் உதவித்தொகை இருக்கிறது” என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஜார்ஜியாவின் அந்த இரண்டும் குடிமக்களுக்கும், பச்சை அட்டை வைத்திருப்பவர்கள் போன்ற தகுதியுள்ளவர்களுக்கும் மட்டும். எச்-4 அதில் வராது. மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் இதுதான் நிலை. ஆக உங்கள் கல்லூரிக் கணக்கில் ஒரு பெரிய தொகை இல்லாமல் போகிறது. அடுத்த வீட்டுப் பையனின் எண்ணை எடுத்து உங்கள் பையனுக்குப் போடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த அட்வைசர் நீட்டிய தாள்

கையெழுத்துப் போடாதீர்கள், இப்போதைக்கு. ஏஜெண்ட் என்றாலே தீட்டு என்பதும் தவறு. கல்லூரி விளையாட்டின் பழைய விதிப்படி, பள்ளி மாணவர் சார்பில் ஏஜெண்டோ வழக்கறிஞரோ அணியிடம் பேசினாலே கல்லூரியில் ஆடும் தகுதி போகும். ஒஹையோவைச் சேர்ந்த ஆண்டி ஆலிவருக்கு அதுதான் நடந்தது. 2006-ல் மினசோட்டா அணி வீட்டுக்கு வந்து பேசியபோது அவருடைய ஆலோசகர் உடன் இருந்தார். அவர் அந்தப் பணத்தை மறுத்துவிட்டுக் கல்லூரிக்குத்தான் போனார். இரண்டு ஆண்டு கழித்து, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ அவரை ஆடவிடாமல் நிறுத்தியது. வழக்குப் போட்டு 2009-ல் வென்றார், பிறகு 7.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. 2016 முதல் விதி தளர்ந்திருக்கிறது. டிராஃப்டில் எடுக்கப்பட்ட பள்ளி மாணவருக்காக ஏஜெண்ட் பேசலாம். ஒப்பந்தம் ஆகாவிட்டால் கல்லூரியில் சேரும் முன் அந்த உறவை முடித்துக்கொள்ள வேண்டும். அவரிடமிருந்து பயணச் செலவு, ஷூ, கடன் என்று எதையும் வாங்கக் கூடாது.

தாளைப் பல்கலைக்கழகத்தின் விதிப்பிரிவு அலுவலகத்துக்கு அனுப்பி, இதில் கையெழுத்துப் போட்டால் தகுதிக்கு என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஆள் வீரர் சங்கத்தின் சான்று பெற்றவரா, ஜார்ஜியாவில் ஏஜெண்டாகப் பதிவு செய்தவரா என்று பாருங்கள். “பி-1ஏ விசாவில் எத்தனை பேருக்கு ஒப்பந்தம் பேசியிருக்கிறீர்கள்?” என்று அவரிடம் கேளுங்கள். முழித்தால் அவர் உங்களுக்கு வேண்டாம். பையனுக்கு 18 ஆகவில்லை என்பதால் எந்தத் தாளிலும் உங்கள் கையெழுத்தும் வேண்டியிருக்கும், அது ஒருவகையில் நல்லதுதான்.

விட்டால் திரும்ப வராதா?

வரும், பலருக்கு வந்திருக்கிறது. ஆரன் ஜட்ஜைக் கலிஃபோர்னியாவின் லிண்டன் பள்ளியிலிருந்து 2010-ல் ஓக்லண்ட் அணி 31-வது சுற்றில் எடுத்தது. அவர் போகாமல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் போனார். 2013-ல் யாங்கீஸ் முதல் சுற்றில் 32-வது ஆளாக எடுத்து 18 லட்சம் கொடுத்தது. பந்து வீசுபவர் என்றாலும், குமார் ராக்கரின் கதை உங்களுக்கு இன்னும் பக்கம். தாய்வழியில் இந்திய வம்சாவளி, பள்ளி ஜார்ஜியாவில். 2018-ல் 38-வது சுற்றில் எடுத்தார்கள், மறுத்துவிட்டு வாண்டர்பில்ட் போனார். 2021-ல் மெட்ஸ் அணி பத்தாவது ஆளாக எடுத்தது. தொகைகூடப் பேசியாகிவிட்டது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு அணி ஒப்பந்தம் தரவில்லை. அடுத்த ஆண்டு டெக்ஸஸ் மூன்றாவது ஆளாக எடுத்து 52 லட்சம் கொடுத்தது. 2024-ல் மேஜர் லீகில் வீசினார்.

கல்லூரிக்குப் போய்க் காயம்பட்டு மறைந்தவர்களின் கதைகள் யார் காதுக்கும் வருவதில்லை, அதையும் நினைவில் வையுங்கள். இப்போது கல்லூரி அணியில் 18 வயது அவுட்ஃபீல்டர் இடம்பிடிப்பது முன்பைவிடக் கடினம். வேறு கல்லூரியில் மூன்று ஆண்டு ஆடிவிட்டு மாறிவரும் 22 வயதுக்காரனோடு மோத வேண்டும். புதிய விதியில் அணிக்கு 34 பேர்தான். முன்பு அணிக்கு மொத்தம் 11.7 உதவித்தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது கல்லூரி விரும்பினால் 34 பேருக்கும் முழுதாகவே கொடுக்கலாம், விரும்பினால்தான். மகனின் வாய்மொழி ஒப்புதல் அந்தப் பயிற்சியாளரை எதற்கும் கட்டுப்படுத்தாது. எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு, பயிற்சியாளர் மாறினால் என்ன என்பதை நிதியுதவி ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் ஸ்கவுட்டிடம் எண் சொன்னால், எதை விட்டுக்கொடுக்க எவ்வளவு கேட்கிறோம் என்றே தெரியாமல் சொல்வதாகும்.

இரண்டாண்டு ஜூனியர் காலேஜ் என்ற நடுப்பாதையும் உண்டு. அங்கே ஓர் ஆண்டு ஆடினாலே மறுபடி டிராஃப்டுக்கு வரலாம். 2029 செப்டம்பருக்கு முன்பே இரண்டு வாய்ப்புக் கிடைக்கிறது என்பதால், உங்கள் வீட்டு நிலைமையில் நான் இதைத் தள்ளிவிட மாட்டேன். கணவருக்குப் பிடிக்காது என்று தெரியும். இன்னொன்றும் கவனியுங்கள், இப்போதைய மேஜர் லீக் கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. 2026 ஜூலை டிராஃப்டில் பழைய விதிகள் நடக்கும். பிறகு வரும் டிராஃப்டுகளில் இதே சுற்றுகளும் வரம்புகளும் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால்: கல்லூரியின் எழுத்து ஒப்பந்தம் நன்றாக இருந்து, அணி கொடுப்பது நான் மேலே சொன்ன 6 லட்சத்துக்குக் கீழே என்றால் கல்லூரி. 10 லட்சத்தைத் தாண்டி, படிப்புச் செலவும் எழுதிக் கொடுத்து, பி-1ஏ விண்ணப்பத்தை அணி தன் செலவில் செய்வதாகச் சொன்னால், பையனின் விருப்பத்துக்கு விட்டுவிடுவேன். இரண்டுக்கும் நடுவில் வந்தால் எனக்கும் தெளிவில்லை. அங்கே குடிவரவு வழக்கறிஞர் சொல்வதுதான் தராசைச் சாய்க்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கேள்வித்தாளில் உடல்நலம், கண் பரிசோதனை, பள்ளி விவரங்களை உண்மையாக நிரப்புங்கள். பழைய தோள்பட்டை வலியை மறைக்க வேண்டாம், பரிசோதனையில் தெரிந்துவிடும். தொகை கேட்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். மருத்துவ ஆவணங்களை வெளியிட அனுமதி கேட்கும் தாளைத் தனியாக எடுத்து வைத்து, படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். ஐ-140 ஒப்புதல் கடிதம், பச்சை அட்டை வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதி, மகனின் ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) மூன்றையும் எடுத்துக்கொண்டு குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்க நாள் குறியுங்கள். மகனையும் கூட்டிப் போங்கள், அவனே கேள்வி கேட்கட்டும்.